உறையில் பெயர் இல்லாத கிடார்காரர்கள்

– மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் பிரிவு



நம்ம ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் லேத்தைப் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். கம்பெனி பெயர், வரிசை எண், தயாரித்த வருடம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த லேத்தின் பெட்டைத் தேய்த்துத் தேய்த்து நூலிழை பிசகாமல் சமப்படுத்திய ஃபிட்டர் யார்? அவர் பெயர் எங்கேயும் இருக்காது. டிப்ளமோ முடித்து வெளியே போகிற நம்மில் பெரும்பாலோர் செய்யப்போவதும் இப்படிப் பெயர் பொறிக்காத வேலைதான். அதனால்தான் இந்த மலருக்காக, பெயர் பொறிக்காமல் வேலை பார்த்த சிலரின் கதையை எடுத்துக்கொண்டேன். அவர்கள் ஃபிட்டர்கள் இல்லை, கிடார்காரர்கள். ஊர், அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் தலைநகரமான நேஷ்வில்.

கிராமத்துப் பாட்டு நகரத்துக்கு வந்த கதை

'கன்ட்ரி' என்றால் அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில் பிறந்த பாட்டு. பிடில், கிடார், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழியாக வந்த பாஞ்சோ, இவைதான் அதன் பழைய கருவிகள். 1925-ல் நேஷ்வில் வானொலியில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி தொடங்கியது. அதில் பாடினால் நாடு முழுக்கப் பேர் கிடைக்கும் என்று பாடகர்கள் அந்த ஊருக்கு வந்து குவிந்தார்கள். பாடகர்கள் வந்ததும் பின்னாலேயே ரிகார்டு கம்பெனிகளும் வந்தன.

1950-களின் நடுவில் ஓவன் பிராட்லி, ஹெரால்ட் பிராட்லி என்ற அண்ணன் தம்பி இருவர் அங்கே ஒரு வீட்டை வாங்கி, அதன் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையைச் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ராணுவம் பயன்படுத்திய வகைக் கொட்டகை அது. பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். 'குவான்செட் ஹட்' என்று பேர். 1957-ல் ஆர்.சி.ஏ. கம்பெனியும் பக்கத்திலேயே ஒரு ஸ்டுடியோ கட்டியது. அதுதான் பிற்பாடு 'ஸ்டுடியோ பி' என்று பிரபலமானது. இந்த இரண்டு கட்டிடங்களிலிருந்து வந்த பாட்டுகளைத்தான் 'நேஷ்வில் சவுண்ட்' என்றார்கள்.

மூன்று மணி நேரம், நான்கு பாட்டு

இப்போது வேலை நடக்கும் முறையைப் பாருங்கள். ஒரு பதிவுக்கு 'செஷன்' என்று பெயர். ஒரு செஷன் 3 மணி நேரம். காலை 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஒரு நாளைக்கு நான்கு வேளை. நம்ம ஊர் சினிமா தியேட்டரில் நான்கு காட்சி ஓட்டுவது போலத்தான்! ஒரு செஷனில் மூன்று நான்கு பாட்டை முடித்துவிட வேண்டும். வாசிப்பவருக்குச் சங்கம் நிர்ணயித்த கூலி. செஷனுக்குத் தலைவராக இருப்பவருக்கு அதில் இரண்டு மடங்கு. பாட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் பாடகருக்குக் கிடைப்பது மாதிரி விற்பனையில் பங்கு இவர்களுக்குக் கிடையாது.

திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்களை 'ஏ டீம்' என்றார்கள். பியானோவுக்கு ஃபிளாய்ட் கிரேமர், பேஸுக்கு பாப் மூர், டிரம்ஸுக்கு பட்டி ஹார்மன். கிடாருக்கு ஹாங்க் கார்லண்ட், கிரேடி மார்ட்டின், ஹெரால்ட் பிராட்லி, ரே எடன்டன். பாடகர் மாறிக்கொண்டே இருப்பார், கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மட்டும் பெரும்பாலும் இவர்களேதான். அன்றைய கன்ட்ரி ரிகார்டு உறைகளில் இவர்கள் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பாடகரின் சிரித்த முகம் மட்டும் இருக்கும்.

'மூணு கிடார் எதுக்கு? ஒண்ணு போதாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒருவர் வாசிப்பது முன்னால் கேட்கும் மெட்டு. இன்னொருவர் தாளத்துக்குத் தட்டுவது. ஹெரால்ட் பிராட்லி வாசித்தது மூன்றாவது வகை, அதுதான் ரொம்ப சுவாரசியம். பாப் மூர் பெரிய மர பேஸில் வாசிக்கும் அதே ஸ்வரத்தை, இவர் ஆறு தந்தி எலக்ட்ரிக் பேஸில் உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக்கொண்டு 'டிக் டிக்' என்று வாசிப்பார். 'டிக்-டாக் பேஸ்' என்றே அதற்குப் பெயர். காரணம் என்ன தெரியுமா? காரிலும் வீட்டிலும் இருந்த சின்ன ரேடியோ ஸ்பீக்கர்களில் தாழ்ந்த அதிர்வெண் சரியாகக் கேட்காது. மர பேஸ் கனத்தைக் கொடுக்கும், டிக்-டாக் அந்த ஸ்வரம் தொடங்கும் முனையைக் காட்டும். சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் தெளிவாக விழும். 1961-ல் பேட்ஸி கிளைன் பாடிய 'கிரேஸி' பாட்டில் ஹெரால்ட் செய்தது இந்த வேலைதான். கேட்பவர்கள் பாடகியின் குரலில் உருகிப்போனார்கள். அந்த 'டிக்'கை யார் கவனித்தார்கள்? கவனிக்காமல் இருக்கும்படி வாசிப்பதுதான் அங்கே திறமை!

எண்களில் எழுதிய இசை

இவ்வளவு வேகமாக எப்படி வேலை முடிந்தது? 1950-களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற பின்னணிக் குரல் குழுவில் இருந்த நீல் மேத்யூஸ், கார்டுகளை எண்ணால் குறிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து சார்லி மெக்காய் போன்ற வாத்தியக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். 'நேஷ்வில் எண் முறை' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

நமக்கு இது எளிதாகப் புரியும். ச ரி க ம ப த நி என்பதை 1 முதல் 7 வரை எண்ணாகப் போடுங்கள். ஷட்ஜத்தில் நிற்கும் கார்டு 1, மத்யமத்தில் 4, பஞ்சமத்தில் 5. ஒரு பாட்டை '1 1 4 1, 5 4 1 1' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம். சி சுருதியில் வாசித்தால் 1, 4, 5 என்பது சி, எஃப், ஜி. பாடகர் 'தொண்டை இன்னும் கொஞ்சம் ஏறும் போலிருக்கு, ஒரு கட்டை ஏத்துங்க' என்றால் டி, ஜி, ஏ. சீட்டை மாற்றி எழுத வேண்டியதே இல்லை! எண்ணைச் சுற்றி வைரம் போலக் கட்டம் போட்டால், அந்தக் கார்டை ஒரு தடவை தட்டி அப்படியே ஒலிக்க விட வேண்டும். அல்ஜீப்ராவில் எக்ஸுக்கு எந்த மதிப்பையும் போடலாமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

சொல் இல்லாத ரிகார்டு

பகலெல்லாம் பாடகருக்குப் பின்னால் அடங்கி வாசித்தவர்களுக்கு ஆசை இருக்காதா? அந்த ஆசைக்குக் கிடைத்த வாசல்தான் பாட்டே இல்லாத கிடார் ஆல்பம். அதில் உறையிலும் அவர் பெயர், உள்ளேயும் அவர் விரல். எல்லாருக்கும் இது கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் முதலாமவர் செட் அட்கின்ஸ்.

1924-ல் டென்னஸி மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா தொல்லை. ரேடியோவில் மெர்ல் டிராவிஸ் என்பவர் வாசித்ததைக் கேட்டு அதைப் போலவே வாசிக்க முயன்றார். டிராவிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே பயன்படுத்தினார். ரேடியோவில் விரல் தெரியுமா என்ன? இவராக ஊகித்துக் கட்டைவிரலோடு இன்னும் இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்துக்கொண்டார். கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் மாற்றி மாற்றி 'தும் தும்' என்று பேஸ் போட, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். கேட்பவர்களுக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். 1956-ல் வந்த 'ஃபிங்கர் ஸ்டைல் கிடார்' ஆல்பத்தில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

அந்த ஆல்பங்கள் உலகத்தின் பல மூலைகளில் பாடப்புத்தகமாகவே இருந்தன. வாத்தியார் இல்லாத பிள்ளைகள் 33⅓ சுழற்சி ரிகார்டை 16⅔ வேகத்தில் ஓட விட்டுக் கற்றார்கள். வேகம் பாதியானால் அதிர்வெண்ணும் பாதி. ஆகவே எல்லா ஸ்வரமும் சரியாக ஒரு ஸ்தாயி கீழே விழும், சுருதி பிசகாது. 'வென்ச்சர்ஸ்' என்ற குழு 1960-ல் உலகப் புகழ் பெற்ற 'வாக், டோன்ட் ரன்' மெட்டைப் பிடித்ததும் செட் அட்கின்ஸின் ரிகார்டிலிருந்துதான். அதை முதலில் இயற்றியவர் ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கிடார்காரர்.

நம்ம எலக்ட்ரானிக்ஸ் பசங்களுக்கு ஒரு விஷயம். எலக்ட்ரிக் கிடாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள். தந்தியின் அசைவை அது பிடிக்கும், கூடவே மின்சார லைனின் 'ஹம்'மையும் ஆன்டெனா மாதிரிப் பிடித்துத் தொலைக்கும். இந்தத் தொல்லை செட் அட்கின்ஸுக்குப் பொறுக்கவில்லை. ரே பட்ஸ் என்ற ரிப்பேர் கைதேர்ந்த கடைக்காரர் அவருக்காக இரண்டு சுருள் வைத்த பிக்கப் ஒன்றைச் செய்தார். ஒன்றுக்கொன்று எதிராக இணைத்த சுருள்கள், காந்தங்களும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிராக வந்து ரத்தாகிவிடும். தந்தியின் சிக்னலோ இரண்டிலும் கூடிவரும். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயரில் காமன் மோடு நாய்ஸ் ரத்தாவதைப் படித்திருக்கிறோமே, அதே தத்துவம்தான். 1957 முதல் கிரெட்ச் கம்பெனி கிடார்களில் இந்தப் பிக்கப் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கிப்சன் கம்பெனியில் செத் லவர் என்பவர் தனியாக இதே தீர்வுக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொரு ஊரில் இன்னொரு ஜோடி

இந்தக் கதை நேஷ்விலுக்கு மட்டும் சொந்தமில்லை. கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கேப்பிடல் கம்பெனிக்காக வாசித்த ஜோடி ஜிம்மி பிரையன்ட், ஸ்பீடி வெஸ்ட். ஜிம்மி, இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோது கிடாரைத் தீவிரமாகப் பிடித்தவர். ஸ்பீடி வாசித்தது பெடல் ஸ்டீல். மேஜை போல நிற்கும் கருவி அது. தந்திமேல் இரும்புக் கட்டையை வழுக்கிக்கொண்டே காலால் பெடலை மிதித்தால் சில தந்திகளின் சுருதி மட்டும் மாறும். பாடகர்களுக்குப் பின்னால் ஓயாமல் வாசித்த இந்த இருவரும் கிடைத்த இடைவெளியில் பதித்தவற்றில் சில, 1954-ல் 'டூ கிடார்ஸ் கன்ட்ரி ஸ்டைல்' என்ற ஆல்பமாக வந்தன. கேட்டால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடுவது போல இருக்கும். மூச்சு முட்டும், போங்கள்!

பழுது தந்த பரிசு

மறுபடியும் நேஷ்விலுக்கு வருவோம். அந்தத் தகரக் கொட்டகையில் 1960-ல் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டைப் பதிந்தார்கள். கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸில் இடையிசை வாசிக்கும்போது சத்தம் திடீரென்று கரகரவென்று, தகரத்தைக் கிழிப்பது போல வந்தது. மிக்ஸிங் கன்சோலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுது! நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஃபால்ட் என்று எழுதி, வேறு சேனலுக்கு மாற்றி, மறுபடி பதிவோம். அவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-ல் வெளியான பாட்டு கன்ட்ரி வரிசையில் முதலிடத்துக்குப் போனது. கிரேடி அதே சத்தத்தை வைத்து 'தி ஃபஸ்' என்று பாட்டில்லாத ரிகார்டு ஒன்றையும் தன் பெயரில் போட்டார்.

சி.ஆர்.ஓ. திரையில் ஒரு சைன் அலையைப் பார்த்துக்கொண்டே ஆம்ப்ளிஃபயரின் கெயினை ஏற்றுங்கள். ஓரளவுக்கு மேல் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இதுதான் கிளிப்பிங். தட்டையான அலையில் மூல அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் ஏராளமாகச் சேர்ந்துகொள்ளும். காதுக்கு அதுவே கரகரப்பு. ஸ்டுடியோ இன்ஜினியர் கிளென் ஸ்னோடி அந்தச் சத்தத்தை வேண்டும்போதெல்லாம் வரவழைக்க ஒரு டிரான்ஸிஸ்டர் சர்க்யூட்டைப் போட்டு கிப்சன் கம்பெனியிடம் கொண்டுபோனார். 1962-ல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்கள், இரண்டு 1.5 வோல்ட் செல்கள். அவ்வளவுதான்! முதலில் பெரிதாகப் போணியாகவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்தியதும் கடைகளில் சரக்கே இல்லாமல் போய்விட்டது. ராக் இசையின் அடையாளம் என்று இன்றைக்குச் சொல்லப்படும் சத்தம், ஒரு கன்ட்ரி செஷனில் பழுதான டிரான்ஸ்ஃபார்மரில் பிறந்தது.

காலியான நாற்காலி

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். ஏ டீமில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கெட்டிக்காரர் ஹாங்க் கார்லண்ட். 1949-லேயே 'சுகர்ஃபுட் ரேக்' என்ற மெட்டால் பேர் வாங்கியவர். கிப்சன் கம்பெனி 1955-ல் கொண்டுவந்த 'பேர்ட்லண்ட்' கிடாரின் பெயரில் பாதி இவருடையது. மறுபாதி பில்லி பேர்ட் என்ற கிடார்காரருடையது. பகலில் கன்ட்ரி வாசித்த கார்லண்டுக்கு மனதுக்குள் ஜாஸ். 'ஜாஸ் விண்ட்ஸ் ஃப்ரம் எ நியூ டைரக்‌ஷன்' என்ற ஆல்பத்தைப் பதிந்தார். கூட வைப்ரஃபோன் வாசித்த கேரி பர்ட்டனுக்கு அப்போது 17 வயது. நம்ம முதலாமாண்டு மாணவர் வயது! 1961-ல் ஆல்பம் வெளியானது. கன்ட்ரிக்காரர்களுக்கு ஜாஸ் வராது என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதே 1961 செப்டம்பரில் கார் விபத்து. பல நாள் நினைவில்லை. பிறகு நடக்கவும் பேசவும் கிடார் பிடிக்கவும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு 30 வயது. 2004 வரை உயிரோடு இருந்தார், பிற்காலத்தில் கொஞ்சம் வாசிக்கவும் செய்தார். ஆனால் செஷன் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. மறுநாள் காலை 10 மணி செஷன் நின்றிருக்குமா? நிற்காது. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். வாசித்த பாட்டுகளில் பெயர் இல்லை. இவர்தான் ஹாங்க் கார்லண்ட் என்று உரக்கச் சொல்வது அவர் பெயரில் வந்த அந்தச் சில ரிகார்டுகள்தான். பாட்டில்லாத ஆல்பத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

பெயர் வந்த வழி

கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை மாறியது. 1966-ல் பாப் டிலன் நேஷ்விலுக்கு வந்து 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிந்தார். அதன்பின் ராக் உலகமும் 'யார் இந்த வாத்தியக்காரர்கள்?' என்று திரும்பிப் பார்த்தது. 1969-ல் செஷன்காரர்கள் சிலரே சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'ஏரியா கோட் 615'. நேஷ்வில் டெலிபோன் கோடுதான் அது! தங்கள் பெயரை முன்னால் வைக்காமல் ஊரின் எண்ணை வைத்தார்கள் பாருங்கள், பழக்கம் விடவில்லை.

நம்ம டிக்-டாக் ஹெரால்ட் பிராட்லி? 1960-களில் தன் பெயரில் சில கிடார் ஆல்பங்கள் போட்டார், அவை பெரிதாக ஓடவில்லை. ஆனால் வாத்தியக்காரர்களின் சங்கமான லோக்கல் 257-க்கு 1991-ல் தலைவராகி 2008 வரை பொறுப்பில் இருந்தார். கூலியும் ஓய்வூதியமும் யாரும் தானாகத் தருவதில்லை, கேட்டு வாங்க ஒரு சங்கம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? 2006-ல் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது. 2019-ல், 93-ம் வயதில் மறைந்தார். 2001-ல் இறந்த கிரேடி மார்ட்டினுக்கு அந்த மரியாதை 2015-ல்தான் கிடைத்தது. பார்க்க அவர் இல்லை.

எங்கிருந்து கேட்கலாம்?

இந்த ஆல்பங்களை இப்போது போனிலேயே கேட்கலாம். முதலில் ஜிம்மி பிரையன்ட், ஸ்பீடி வெஸ்ட் ஜோடி. அடுத்து 'ஃபிங்கர் ஸ்டைல் கிடார்'. பிறகு ஹாங்க் கார்லண்டின் ஜாஸ் ஆல்பம். கடைசியாக, செட் அட்கின்ஸும் லெஸ் பாலும் சேர்ந்து 1976-ல் வெளியிட்ட 'செஸ்டர் அண்ட் லெஸ்டர்'. பாட்டுக்கு நடுவே இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் கிண்டலடிப்பதையும் அப்படியே ரிகார்டில் விட்டிருக்கிறார்கள். கிராமி விருது வாங்கியது அது.

ஒரே பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை மெட்டை மட்டும். இரண்டாம் தடவை கட்டைவிரலின் பேஸை மட்டும். மூன்றாம் தடவை, அவர்கள் எங்கே வாசிக்காமல் சும்மா இருக்கிறார்கள் என்று பாருங்கள். செஷன்காரரின் பாதித் திறமை அந்தச் சும்மா இருப்பதில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. செட் அட்கின்ஸ் கல்லூரிப் படிப்பு படித்தவரில்லை. பிற்காலத்தில் தன் பெயருக்குப் பின்னால் 'சி.ஜி.பி.' என்று தானே ஒரு பட்டத்தைப் போட்டுக்கொண்டார். சான்றிதழ் பெற்ற கிடார் வாசிப்பாளர் என்று அர்த்தம்! விளையாட்டாக ஆரம்பித்ததுதான். 2001-ல் மறைவதற்குள் ஜெர்ரி ரீட், ஜான் நோல்ஸ், ஸ்டீவ் வாரினர், டாமி இம்மானுவேல் என்ற நான்கு பேருக்கு மட்டும் அதைத் தன் கையால் கொடுத்தார். எந்தப் பல்கலைக்கழகமும் தராத அந்த மூன்று எழுத்தை அவர்கள் பெருமையோடு போட்டுக்கொண்டார்கள். காரணம், கொடுத்தவருக்கு வேலை தெரியும்.

நண்பர்களே, நமக்கும் விரைவில் சான்றிதழ் கையில் வந்துவிடும். பெயர்ப்பலகையில் நம் பெயர் வருமா, வராதா என்பது நம் கையில் இல்லை. வேலை தெரிந்த ஒருவர் நாம் செய்ததைத் தொட்டுப் பார்த்து, 'இது யார் கைவேலை?' என்று கேட்கும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. சக தொழிலாளியின் பெயரை நாமாவது உரக்கச் சொல்வதும் நம் கையில்தான் இருக்கிறது.

வாழ்த்துகள்!